வீட்டுக்காரர்களே, அட்வான்ஸ் பத்திரமா?

ஆடி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றால் மடிப்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் தெருவுக்கு ஒரு குட்டி யானை நின்றுகொண்டிருக்கும். பீரோ ஏறும், கட்டில் ஏறும், மேலே கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் துளசிச் செடி. ஆனிக்குள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும், விட்டால் ஆவணிதான். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் மே மாதத்தில் ஒரு பரபரப்பு, ஆடிக்கு முன்னால் ஒன்று, மார்கழிக்கு முன்னால் ஒன்று, தை பிறந்தால் இன்னொன்று. வாடகை வீடுகளின் நடமாட்டம் பஞ்சாங்கத்தையும் பள்ளிக் காலண்டரையும் பார்த்தே நடக்கிறது.

வீடு தேடி அலைகிறவர்களின் பாடு எல்லோருக்கும் தெரியும். பத்திரிகைகளும் சினிமாவும் அதைப் போதுமான அளவு சொல்லிவிட்டன. வீட்டை விடுகிறவர்களின் பாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. வீட்டுக்காரர் என்றதும் பாதித் தெருவைச் சொந்தமாக வைத்திருப்பவர்தான் மனதில் வருகிறார். புறநகரில் நான் பேசியவர்களில் பெரும்பாலோர் பி.எஃப். பணத்தைப் போட்டு மாடி எழுப்பியவர்கள். கீழே தாங்கள், மேலே வாடகைக்கு. பென்ஷன் இல்லாதவர்களுக்கு அந்த வாடகைதான் பென்ஷன். இந்த வேலையை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. புரோக்கர் ஆள் கூட்டி வருவார், கமிஷன் வாங்கிக்கொண்டு போவார். மிச்சமெல்லாம் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். வாடகைக்கு விடுவதில் வேலை இருப்பது இரண்டே நாட்கள்: சாவி கொடுக்கும் நாள், சாவி வாங்கும் நாள். நடுவில் இருக்கும் மாதங்களில் ஐந்தாம் தேதிக்குள் பணம் வந்ததா என்று பார்ப்பதோடு சரி. ஆனால் அந்த இரண்டு நாட்களையும்தான் நம்மவர்கள் அவசர அவசரமாகக் கழிக்கிறார்கள். ஏன் அவசரம் என்று தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு இடத்தில் வந்து முட்டுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பால் காய்ச்சுவதற்கு முந்தைய நாள்

நங்கநல்லூரில் மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பார்த்தேன். குடியிருப்பவர்கள் அவரை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கணவர் இருந்தவரை அவர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு இவர் தலையில் வந்தது. ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஒரு நூறு பக்க நோட்டு வைத்திருக்கிறார். இடது பக்கம் குடி வந்த அன்று இருந்த நிலை. வலது பக்கம் வெறுமையாக இருக்கும், அது காலி செய்யும் நாளுக்கு.

நோட்டைப் புரட்டினேன். முத்து முத்தான கையெழுத்தில் இப்படி இருந்தது: 'ஹால்: ஃபேன் 1, ரெகுலேட்டர் மூன்றுக்கு மேல் திரும்பாது. ட்யூப் லைட் 2. கிழக்குச் சுவரில் ஆணி 4, வடக்கில் இல்லை. சமையலறை: சிங்க்குக்குக் கீழே அலமாரிக் கதவு ஒன்று கீல் தளர்ந்துள்ளது. கிரானைட் மேடையில் ஓரமாக ஒரு விரல் நீளம் விரிசல், பழையது. பாத்ரூம்: கதவு அடிப்பக்கம் உப்பியிருக்கிறது. கீசர் வேலை செய்கிறது. சாவி: மெயின் கதவுக்கு 3, கிரில் கேட்டுக்கு 2, மொட்டை மாடிக்கு 1.' கீழே இரண்டு கையெழுத்து, தேதி.

இந்த நோட்டை அவர் பால் காய்ச்சும் நாளில் எடுப்பதில்லை. "அன்னைக்கு அவங்க வீட்டுப் பெரியவங்க வந்திருப்பாங்க. குத்துவிளக்கு ஏத்தி, சாமி படம் வெச்சு, நல்ல மனசோட வர்றாங்க. அந்த நேரத்துல போயி குழாய் ஒழுகுதா பாருங்கன்னு சொல்ல முடியுமா? அவங்களும் எதையும் பாக்க மாட்டாங்க, எல்லாம் நல்லா இருக்கும்மான்னு சொல்லிடுவாங்க. அதான் முந்தின நாள் சாயங்காலமே வரச் சொல்லிடுவேன். விளக்கு போட்டா வெளிச்சம் தெரியணும், அதனால சாயங்காலம்" என்றார்.

குடி வருகிறவரின் மகனோ மகளோ கையில் ஃபோனோடு கூட நடக்க வேண்டும் என்பதும் அவர் வைத்திருக்கும் முறை. வாசலில் தொடங்கி மொட்டை மாடி வரை ஒரே வீடியோ. குழாயைத் திறந்து தண்ணீர் வருவது, ஃபிளஷ் அடிப்பது, ஸ்விட்ச் போடுவது எல்லாம் அதில் வந்துவிடும். எடுத்ததும் வாட்ஸாப்பில் இரண்டு பேருக்கும் அனுப்பிவிட வேண்டும். எடுத்த தேதி இரண்டு ஃபோனிலும் நின்றுவிடுகிறது. பிற்பாடு ஒருவர் அழித்தாலும் இன்னொருவரிடம் இருக்கும்.

இவ்வளவு செய்கிறவர்கள் குறைவு. என்ன ஊர், என்ன ஆட்கள், சைவமா அசைவமா என்று அரை மணி நேரம் விசாரிக்கிறவர்கள், குழாய் கெட்டால் யார் மாற்றுவது என்று அரை நிமிடம் பேசுவதில்லை. முன்னது தேவையே இல்லாத கேள்வி. பின்னதைக் கேட்டிருந்தால் பாதிச் சண்டை வராது.

அக்ரிமென்ட்டும் அப்படித்தான். வாடகை வீடுகளுக்கான தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், தட்டச்சுக் கடையில் இருக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி 11 மாதத்துக்கு எழுதிக்கொள்வதே பழக்கமாக இருக்கிறது. 11 மாதம் என்றால் எங்கும் பதிவு செய்ய வேண்டாம் என்ற நினைப்பு. புதிய சட்டத்துக்கு அந்த மாதக் கணக்கெல்லாம் கிடையாது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகி எண் கிடைக்க வேண்டும். இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் இருந்தால் நாளைக்கு வழக்கென்று போகும்போது முதலில் மாட்டிக்கொள்வது வீட்டுக்காரர்தான், ஏனென்றால் வீட்டைத் திரும்பக் கேட்க வேண்டியவர் அவர். குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கும் வழக்கம் 2012இல் சென்னையில் நடந்த வங்கிக் கொள்ளைகளுக்குப் பிறகு வலுத்தது. அடையாள அட்டை நகலோடு அதையும் கையோடு முடித்துவிடுவது நல்லது.

மீட்டரைப் படம் எடுங்கள்

காலி செய்யும்போது வரும் சண்டைகளில் தொகை குறைவாகவும் சத்தம் அதிகமாகவும் இருப்பது கரண்ட் பில் சண்டைதான். காரணம், தமிழ்நாட்டில் மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. குடித்தனக்காரர் போவது மாத முடிவில். இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணக்கெடுத்து 40 நாள் ஆனபோது ஒருவர் காலி செய்கிறார். அதுவரை 380 யூனிட் ஓடியிருக்கிறது. அடுத்த நாளே புதியவர் வருகிறார், மீதி 20 நாளில் 180 யூனிட். மொத்தம் 560. முதல் 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான், ஆளுக்கு இல்லை. அந்த 100 போனவர் கணக்கிலா, வந்தவர் கணக்கிலா? அதோடு விஷயம் முடியவில்லை. மொத்தம் 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலை போய்விடுகிறது, 500க்கு மேல் ஓடியதற்கு விலை கூடுகிறது. இரண்டு பேரும் தனித்தனியாக 500ஐத் தொடவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்து வந்த பில் அதிகம். "நான் இருந்தவரைக்கும் இவ்வளவு வந்ததே இல்ல" என்று போனவர் சொல்வதும் உண்மை. "நான் இருபது நாள்தானே இருந்தேன்" என்று வந்தவர் சொல்வதும் உண்மை.

இதற்கு டீச்சரம்மா வைத்திருக்கும் வழி எனக்கு நியாயமாகப் பட்டது. சாவி வாங்கும்போது மீட்டரில் நிற்கும் எண்ணைப் படம் எடுத்து இருவருக்கும் அனுப்பிவிடுகிறார். பில் வந்த பிறகு மொத்தத் தொகையை யூனிட் விகிதத்தில் பிரிக்கிறார். 560இல் 380 பங்கு போனவருக்கு, 180 பங்கு வந்தவருக்கு. இலவசமும் அதில் தானாகப் பிரிந்துவிடுகிறது. பில் வரும்வரை அட்வான்ஸில் ஒரு சிறு தொகையை மட்டும் நிறுத்திவைத்து, வந்த அன்றே கணக்கை அனுப்பி மீதியைக் கொடுத்துவிடுகிறார். அவ்வளவு நாள் காத்திருக்க விரும்பாதவர்கள் மின்வாரிய இணையதளத்தில் இருக்கும் கட்டணக் கணக்கீட்டில் அன்றைய யூனிட்டைப் போட்டு வரும் தொகையை வாங்கிக்கொண்டு முடிக்கலாம். எந்த வழி என்பது குடி வரும்போதே அக்ரிமென்ட்டில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

கூடவே இன்னொன்று. மின் இணைப்பில் பதிவாகியிருக்கும் கைபேசி எண் பல வீடுகளில் எப்போதோ போன குடித்தனக்காரருடையது. பில் எஸ்.எம்.எஸ். அவருக்குப் போய்க்கொண்டிருக்கும், இங்கே கட்ட மறந்து ஃபியூஸ் பிடுங்க ஆள் வரும். 2022 இறுதியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது குடியிருந்தவரின் ஆதாரையே கொடுத்த வீடுகளும் உண்டு. ஆள் மாறும்போது இந்த இரண்டையும் மாற்றியாயிற்றா என்று பாருங்கள். தபாலும் அப்படியே. போனவருக்கு வங்கிக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கும், சில சமயம் கடன் வசூலிக்கிறவர்களே கதவைத் தட்டுவார்கள். புது முகவரியை எழுதி வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை.

சாமான் போன பிறகு

காலி செய்யும் வீட்டை இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவை, போவதற்கு ஒரு வாரம் முன்னால். சாமான்கள் இருக்கும்போதே போய், எதை அவர்களே சரி செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தால் அவர்களுக்குத் தெரிந்த பிளம்பரை வைத்துக் குறைந்த செலவில் முடித்துவிடுவார்கள். வீட்டுக்குள் வருவதாக இருந்தால் 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொந்த வீடுதானே என்று நினைத்த நேரத்தில் போய் நிற்கக் கூடாது. சட்டத்தில் இல்லாவிட்டாலும் அதுதான் மரியாதை.

இரண்டாவது தடவை, வண்டி கிளம்பிய பிறகு. பீரோ நின்ற இடத்தில் ஓதம் ஏறியிருப்பதும், கட்டிலுக்குப் பின்னால் சுவர் உரிந்திருப்பதும் அப்போதுதான் தெரியும். பரணில் என்னென்னவோ மிச்சம் கிடக்கும். ஏ.சி. கழற்றிய ஓட்டையை அடைக்காமல் போயிருப்பார்கள், புறா கூடு கட்டிவிடும். சமையலறைத் தரையில் கேஸ் சிலிண்டரை இழுத்த தடம், சில சமயம் டைல்ஸில் கீறல்.

குழாய்களைச் சோதிப்பதில் டீச்சரம்மா வீட்டுக்கு வரும் பிளம்பர் ஒரு வழி சொன்னார். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் திறந்துவிட வேண்டும். சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் பாத்ரூம் ஜாலியில் தண்ணீர் எதிர்த்து வந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது. பிறகு பாத்ரூம் தரையில் தண்ணீரைக் கட்டி நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் கீழ் வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் டைல்ஸ் இடுக்கு போய்விட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு வீடு ஒரு ராத்திரியாவது காலியாக இருக்க வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எது தேய்மானம், எது சேதம்? 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது: வாங்கியபோது இருந்த நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், நியாயமான தேய்மானம் நீங்கலாக. பெயிண்ட் மங்குவது தேய்மானம். பெயிண்ட்டில் குழந்தை கிரேயானால் வரைந்தது அப்படிச் சொல்ல முடியாது. குழாயின் வாஷர் தேய்வது இயல்பு, அதை அவ்வப்போது மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. சுவருக்குள் பைப் துருப்பிடித்தால் வீட்டுக்காரர் செலவு. 2017 சட்டத்தின் அட்டவணை இதைக் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரிக்கிறது, வெள்ளையடிப்பதை வீட்டுக்காரர் பக்கம் வைத்திருக்கிறது. சென்னையிலோ 'பெயிண்டிங் சார்ஜ்' என்று ஒரு மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடுகிறார்கள். எட்டு மாதம் இருந்தவருக்கும் ஒரு மாதம், ஆறு வருடம் இருந்தவருக்கும் ஒரு மாதம். ஆறு வருடம் ஆன வீட்டுக்கு யார் இருந்தாலும் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். நான் வீட்டுக்காரர்கள் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் இந்த ஒன்றில் நாம் செய்வது சரியில்லை. பிடிக்கத்தான் வேண்டுமென்றால் எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். பிடித்த பணத்தில் பெயிண்ட் அடியுங்கள்.

அவசரம் எங்கிருந்து வருகிறது

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். நோட்டு போடுவது, வீடியோ எடுப்பது, தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்ப்பது எல்லாம் யாருக்கும் தெரியாத வித்தை இல்லை. சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பிறகு ஏன் செய்வதில்லை? "டைம் இல்ல சார், காலையில அவங்க காலி பண்ணாங்க, சாயங்காலம் இவங்க வந்துட்டாங்க." நான் கேட்ட இடத்திலெல்லாம் இதே பதில். ஒரு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கலாமே என்றால் ஒரு சங்கடமான மௌனம். அந்த மௌனத்துக்குள் இருப்பது அட்வான்ஸ். வாங்கிய அட்வான்ஸ் கையில் இல்லை. வருகிறவர் கொடுத்தால்தான் போகிறவருக்குக் கொடுக்க முடியும்.

மேடவாக்கத்தில் மாடி வீட்டை விட்டிருக்கும் ஒரு பெரியவர் மனம் விட்டுப் பேசினார். தனியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் 15,000 வாடகை, ஐந்து மாத அட்வான்ஸ் 75,000. "பொண்ணு கல்யாணத்துக்கு எல்லாப் பக்கமும் புரட்டினோம், இதுவும் அதுல போச்சு. அவங்க நல்லவங்க, நாலு வருஷம் இருந்தாங்க. நாலு வருஷமும் அந்தப் பணம் எங்கன்னு ஒருநாள்கூட நான் நினைச்சுப் பாக்கல. திடீர்னு டிரான்ஸ்ஃபர்னு நோட்டீஸ் கொடுத்தாங்க. ஆனி கடைசியில காலி பண்ணிட்டாங்க. ஆடியில யாரு வருவா? ஒரு மாசத்துக்கு மேல வீடு பூட்டிக் கிடந்துச்சு. வாடகையும் இல்ல, அட்வான்ஸும் திருப்பணும். தினமும் ஃபோன் பண்ணுவாரு அந்தப் பையன், மரியாதையாத்தான் கேப்பான். எனக்குத்தான் ஃபோன் எடுக்கவே கூசும். வீட்டுல வளையலை அடகு வெச்சுக் கொடுத்தேன்."

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அடகை மீட்க வேண்டுமே என்ற நெருக்கடியில் ஆவணி முதல் வாரம் கேட்டு வந்தவருக்கு, வந்த அன்றே வீட்டைக் கொடுத்துவிட்டார். பெயிண்ட் அடிக்கவில்லை. பாத்ரூமைப் பார்க்கவில்லை. ஐப்பசி மழையில் மாடி பாத்ரூம் ஈரம் கீழே இவர்கள் படுக்கையறைக் கூரையில் இறங்கியது. மேலே ஆள் குடியிருக்கும்போது டைல்ஸைப் பெயர்ப்பதென்றால் சும்மாவா? காலியாக இருந்த ஒரு மாதத்தில் செய்திருக்க வேண்டிய வேலை, அப்போது கையில் காசு இல்லை. இப்போது இரண்டு பங்கு செலவு, மேலே குடியிருப்பவர்களோடு மனக்கசப்பு வேறு.

இந்தச் சங்கிலியை நான் ஒரு வீட்டில் பார்க்கவில்லை, போன இடமெல்லாம் பார்த்தேன். அட்வான்ஸைச் செலவழித்தவரால் வீட்டை ஒரு வாரம் சும்மா வைத்திருக்க முடியாது. சும்மா வைத்திருக்க முடியாததால் வீட்டைப் பார்க்க முடியாது, பழுது பார்க்க முடியாது, ஆளையும் நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. பார்க்காமல் கொடுத்த வீட்டில் எந்தச் சேதம் யாருடையது என்று சொல்ல முடியாது. கடைசியில் அந்தச் சண்டையும் அட்வான்ஸில் பிடிப்பதில்தான் வந்து நிற்கும். வாடகை பாக்கி வைக்கிறவரிடம் கண்டிப்பாக நிற்கவும் இவர்களால் முடியாது. "சரி, நான் காலி பண்றேன், என் அட்வான்ஸைக் குடுங்க" என்று அவர் சொல்லிவிட்டால் வாயடைத்துப் போகிறார்கள். குடித்தனக்காரரைக் கட்டுப்படுத்துவதற்காக வாங்கிய பணம் வீட்டுக்காரரைக் கட்டிப்போடுகிறது.

இதில் பெரிய அட்வான்ஸ் இன்னும் ஆபத்து. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் சர்வசாதாரணமாக இருந்த காலம் உண்டு, இன்னும் சில இடங்களில் கேட்கிறார்கள். சட்டம் மூன்று மாத வாடகை என்று வரம்பு சொல்கிறது. இது குடியிருப்பவர்களுக்காகப் போட்ட விதி என்றுதான் வீட்டுக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். என் கண்ணுக்கு இது வீட்டுக்காரரைக் காப்பாற்றும் விதி. 1,50,000 வாங்கிச் செலவழித்தவர் 1,50,000 புரட்ட வேண்டும். 45,000 வாங்கியவர் விழுந்தாலும் எழுந்துவிடலாம். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆடி முழுக்க ஆள் வராது என்பது அந்த ஒரு மாதக் கணக்கில் வராது.

போக்கியத்துக்கு விடுகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். வாடகையே வேண்டாம், சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருங்கள் என்று விட்டுவிட்டு, அந்த லட்சங்களில் பழைய கடனை அடைத்துவிடுகிறார்கள். மாத வருமானம் கிடையாது, முதலும் கிடையாது. மூன்று வருடம் முடிந்து குடியிருப்பவர் பணத்தைக் கேட்கும்போது இன்னொரு போக்கியக்காரரைத் தேடி ஓடுகிறார்கள், கொஞ்சம் கூடுதல் தொகைக்கு. பணம் வந்து சேரும்வரை அவர் வீட்டைவிட்டு நகர மாட்டார், நகர வேண்டியதும் இல்லை.

அப்பா காலமான பிறகு பிள்ளைகளுக்குத் தெரியவரும் அட்வான்ஸ் இன்னொரு வகை. மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து எவ்வளவு வாங்கினார், எதில் போட்டார் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. குடியிருப்பவர்கள் சொல்லும் தொகையை நம்புவதா வேண்டாமா என்ற சங்கடம். வீட்டைப் பங்கு போடும்போது அண்ணன் தம்பிக்குள் "மாடி உனக்குன்னா மாடி அட்வான்ஸையும் நீதான் திருப்பணும்" என்று பேச்சு முற்றிய குடும்பங்கள் உண்டு. சொத்தோடு கடனும் வருகிறது என்பது அப்போதுதான் உறைக்கிறது.

பணத்தை வங்கியில் தூங்கவிடுவதைவிட ஏதாவது ஒன்றில் புரட்டுவதே புத்திசாலித்தனம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தூங்கட்டுமே என்றுதான் நான் சொல்வேன். 75,000 ரூபாய்க்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 5,250 வருகிறது. நாலு வருடத்தில் சேரும் வட்டியை வைத்தே வீட்டுக்கு ஒரு கோட் பெயிண்ட்டுக்குப் பெரும்பகுதி தேறிவிடும். டீச்சரம்மா இதைத்தான் செய்கிறார். ஒவ்வொரு போர்ஷனின் அட்வான்ஸுக்கும் தனி வைப்புத்தொகை, அந்தந்த நோட்டின் பின்னட்டையில் ரசீதின் நகல் ஒட்டியிருக்கிறது. யார் எப்போது கிளம்பினாலும், வண்டி போன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்து, வலது பக்கம் எழுதி, கையெழுத்து வாங்கி, சாவியை எண்ணி வாங்கிய கையோடு பணம் அனுப்பிவிடுகிறார். பிறகு பத்து நாள் வீடு காலி. பெயிண்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் வந்து போவார்கள். "அந்தப் பத்து நாள் வாடகை போகுதேன்னு பக்கத்து வீட்டுல சொல்வாங்க. எனக்கு அது வீட்டுக்குக் கொடுக்கிற லீவு" என்றார். அவர் வீட்டிலிருந்து போனவர்களே அடுத்த ஆளைக் கூட்டி வந்து விடுகிறார்கள். அவருக்குப் புரோக்கர் தேவைப்பட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

பணம் கையில் இல்லாதபோதுதான் மனிதர்கள் தப்பான காரியத்தில் இறங்குகிறார்கள். போகிறவரிடம் இல்லாத சேதத்தைக் கணக்குக் காட்டுவது, வாடகை பாக்கிக்காரரின் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது. அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று சட்டம் தெளிவாகத் தடுத்திருக்கிறது. தகராறு முற்றி வாடகை அதிகாரி முன்னால் போய் நிற்கும்போது, நியாயம் நம் பக்கம் இருந்தாலும் இந்த ஒரு காரியம் நம் வாயை மூடிவிடும்.

அட்வான்ஸை இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வது எளிது: மூன்று மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள், வாங்கிய அன்றே வைப்புத்தொகையில் போடுங்கள், அந்த விவரம் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியட்டும். ஏற்கெனவே செலவழித்தவர்கள்தான் அதிகம் பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களும் மனம் தளர வேண்டாம். 15,000 வாடகை வருகிறது என்றால் அதில் 1,500ஐ மாதா மாதம் ஆர்.டி.யில் போட்டு வாருங்கள். வட்டியைச் சேர்க்காமலே 30 மாதத்தில் 45,000 சேர்ந்துவிடும். அதற்குள் குடித்தனக்காரர் கிளம்பினாலும் ஒரு பங்காவது கையில் இருக்கும், அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் நகை அந்த அளவுக்குக் குறையும். இந்த மாத வாடகையிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.